விரிசல் எங்கே தொடங்கும்?

கேள்வி: ஐயா, பேராதனையில் இயந்திரப் பொறியியல் முடித்து, கொழும்பில் நாலு வருடமாக சொலிட்வேர்க்ஸ் என்ற வரைபட மென்பொருளில் பாகங்கள் வரைகிறேன். விமான, பாதுகாப்புத் துறையில் சீனியர் டிசைன் எஞ்சினியராக ஆசை. கட்டியா மென்பொருளும் படித்தால் போதுமா?
– மூதூர் வாசகர்

பதில்: தம்பி, கட்டியாவை ஆறு மாதத்தில் பழகிவிடலாம். இருபத்தாறு வருடம் இங்கிலாந்தில் இந்த வேலை செய்துவிட்டு உவர்மலைக்குத் திரும்பியவன் நான். சீனியர் என்பவர் வரைபடத்தில் கையெழுத்து வைப்பவர். பாகம் எங்கே உடையும் என்று முன்கூட்டியே அவருக்குத் தெரிய வேண்டும்.

என் ஏழாவது வருடம். ஹைட்ரோலிக் குழாயைத் தாங்கும் சின்ன பிராக்கெட் ஒன்று. எடையைக் குறைக்க உள்மூலையின் வளைவை 1 மில்லிமீற்றராக வைத்தேன். கணினிக் கணக்கில் எல்லாம் சரி. அதிர்வு மேசையில் ஏற்றிய மூன்றாம் நாள் அதே மூலையில் மயிரிழை விரிசல். 3 மில்லிமீற்றர் ஆக்கினோம். கூடியது சில கிராம்தான். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை; கொமெட் பயணிகள் விமானத்தின் கதைதான் நினைவுக்கு வந்தது. 1954இல் இரண்டு கொமெட் விமானங்கள் மத்தியதரைக் கடலில் சிதறி விழுந்தன. பிறகு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு கொமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். பறந்ததும் சோதித்ததுமாக 3,057 சுற்றில், திறப்பொன்றின் மூலையில் கிழிந்தது. திரும்பத் திரும்ப ஏறி இறங்கிய அழுத்தத்தால் உலோகம் சோர்ந்துபோயிருந்தது.

தடிப்பாகச் செய்தால் என்ன என்று கேட்பாய். விமானத்துக்கு வழமையான விதி, எதிர்பார்க்கும் உச்சச் சுமையின் 1.5 மடங்கைத் தாங்க வேண்டும் என்பதுதான். அதற்குமேல் கூட்டும் எடையை ஒவ்வொரு பறப்பிலும் எரிபொருளால் சுமக்க வேண்டும்.

பாதுகாப்புத் துறைக்கு வேறு தடையும் உண்டு. அமெரிக்காவின் ஐட்டார் (ITAR) என்ற ஆயுத ஏற்றுமதி விதிப்படி, அங்கே குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாதவருக்குத் தனி அனுமதியின்றி ஆயுத வரைபடங்களைக் காட்டவே கூடாது. இங்கிலாந்தில் பாதுகாப்பு அனுமதிக்கு வழமையாக ஐந்து வருட வதிவு கேட்பார்கள். பயணிகள் விமானப் பக்கத்தால் நுழை.

ஊருக்கு வரும்போது திருக்கடலூர்க் கரைக்குப் போ. வள்ளத்து எஞ்சின்களில், ஸ்டெயின்லெஸ் ஆணி பூட்டிய அலுமினியத்தைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருக்கும். உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். விமானத்திலும் அதே கதைதான். முறிந்த பிராக்கெட் ஒன்றைக் கேட்டு வாங்கி, முறிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியால் பார். அலை வடிந்த மணல்போல வளைந்த வரிகள் தெரிந்தால், அவை எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றன என்று தேடு. விரிசல் பிறந்த இடம் அது. அதை அளந்து, கையால் வரைந்து எனக்கு அனுப்பு.