பிறந்த வீட்டுக்கு வந்த பொம்மை

வணக்கம் ஐயா,

பழைய தகரப் பொம்மைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. வேலைக்காகக் கியோட்டோ வந்து நான்கு வருடம் ஆகிறது. இங்கே தோஜி கோயிலில் ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி சந்தை கூடும். போன மாதம் அங்கே ஒரு ரோபோ பொம்மை வாங்கினேன். சதுரத் தலை, சாம்பல் நிற உடம்பு, நெஞ்சில் திறந்து மூடும் இரண்டு கதவுகள். 18,000 யென். பெட்டி இல்லை. பேட்டரி போடும் இடம் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. ஓடவில்லை. இடது தோளில் பெயிண்ட் உரிந்து துரு தெரிகிறது. படங்கள் இணைத்திருக்கிறேன்.

இது அசல்தானா? தோளில் மட்டும் பெயிண்ட் அடித்துவிடலாமா? கடைக்காரர் அடிக்கலாம் என்கிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பழைய பொம்மை சேர்ப்பவர்கள் எல்லாரும் "சின்ன வயசில் என்னிடம் இருந்தது, தொலைந்துபோனது" என்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. பனங்காய் வண்டி ஓட்டி வளர்ந்தவன் நான். இந்த ரோபோவை என் அப்பாவே பார்த்திருக்க மாட்டார். யாருடைய பால்யத்தையோ காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேனோ என்று மனதுக்குள் ஓர் உறுத்தல். அம்மாவிடம் போனில் காட்டினேன். "இது யார் வீட்டுப் பொம்மைடா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
எஸ்., கியோட்டோ

*

அன்புள்ள எஸ்.,

படங்களைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். அசல்தான். ஹொரிகாவா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 'அட்டாக்கிங் மார்ஷியன்' வகை, அதாவது தாக்க வரும் செவ்வாய்க்கிரகவாசி. முதுகில் இருக்கும் எஸ்.ஹெச். முத்திரை அவர்களுடையது. முத்திரையை நகல் எடுப்பவர்களும் போடுவார்கள், அதனால் அதை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. உங்கள் மூன்றாவது படத்தில் விலாப்பக்கம் தெரிகிறது பாருங்கள், அங்கே ஒரு தகட்டின் நாக்கு இன்னொரு தகட்டின் துளைக்குள் நுழைந்து மடங்கியிருக்கிறது. அந்த நாக்குகளில் ஒன்றுகூட நிமிர்த்தி மறுபடி மடக்கப்பட்டதாகத் தெரியவில்லை. மடிப்பில் படிந்த அழுக்கு உடையாமல் இருக்கிறது. இந்தப் பொம்மையை இதுவரை யாரும் பிரித்ததில்லை என்று அர்த்தம். பாதமும் தகரம். இந்த வகை ரோபோவைப் பல வருடம் செய்தார்கள். வருடம் போகப்போகத் தகரம் இருந்த இடமெல்லாம் பிளாஸ்டிக் வந்தது. முழுக்கத் தகரமாக இருப்பதால் 1960களில் செய்தது என்று நினைக்கிறேன். 18,000 யென் நியாயமான விலை.

பெயிண்ட் அடிக்காதீர்கள். தோளில் மட்டும் என்றாலும் வேண்டாம்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்னிடம் சாவி கொடுத்தால் நடக்கும் சின்ன ரோபோ ஒன்று இருந்தது. நெஞ்சில் வட்ட வட்டமாக மீட்டர்கள், ஒவ்வொன்றிலும் முடி அளவு மெல்லிய சிவப்பு முள். அழுக்காக இருக்கிறதே என்று பஞ்சில் தின்னர் தொட்டு ஒரு தடவைதான் துடைத்தேன். பஞ்சைத் திருப்பிப் பார்த்தால் அதில் சிவப்பு. ஒரு மீட்டரின் முள் அப்படியே பஞ்சுக்கு வந்துவிட்டது. அந்த இடம் இன்றைக்கும் வெறும் வெள்ளை வட்டமாக இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

தகரப் பொம்மையின் மேல் இருக்கும் படங்கள் தூரிகையால் வரைந்தவை அல்ல. தகடு தட்டையாக இருக்கும்போதே அச்சடித்துவிடுவார்கள். அப்புறம் அச்சில் வைத்து அழுத்தி, வெட்டி, வளைத்து உருவமாக்குவார்கள். தோளின் வளைவில் ஒரு கோடு சரியாகப் போய் உட்கார வேண்டுமென்றால், வளைந்த பிறகு அது எங்கே வரும் என்று கணக்குப் போட்டுத் தட்டையில் வரைந்திருக்க வேண்டும். அந்தக் கோட்டின் மேல் கையால் ஒரு பூச்சு பூசினால் வண்ணம் எவ்வளவுதான் பொருந்தினாலும் அது வேறொன்றுதான். புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரிந்துவிடும்.

துருவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் தூத்துக்குடிக்காரர் என்பதால். நாம் தகரம் என்று சொல்வது இரும்புத் தகட்டின் மேல் மெல்லிசாக வெள்ளீயம் பூசியது. பூச்சு முழுசாக இருக்கும்வரை இரும்புக்குக் கவசம். ஓரிடத்தில் கீறிவிட்டால் நிலைமை தலைகீழ். பக்கத்தில் வெள்ளீயம் இருப்பதாலேயே அந்தக் கீறலில் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். உப்புக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். துருப்பிடித்த இடத்தில் நிறமில்லாத மெழுகை விரல் நுனியால் மெல்லத் தடவி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. ஊருக்குக் கொண்டுபோனால் மூடிய கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மாதாமாதம் மாற்றுங்கள்.

பேட்டரி அறை பயப்படுகிற விஷயமில்லை. கையுறை போட்டுக்கொண்டு, பூத்திருப்பதை முதலில் மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். பழைய துத்தநாக-கார்பன் பேட்டரி கசிந்ததென்றால் அது அமிலம், சோடா உப்புக் கரைசல் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். பின்னால் வந்த ஆல்கலைன் பேட்டரி என்றால் அது காரம், அதற்கு வினிகர். ஒரு மூலையில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் பெரும்பாலும் காரம்தான். எதுவானாலும் அச்சடித்த பக்கத்தில் ஈரம் படக் கூடாது. உலோகத் தகடு பளபளப்பானதும் நன்றாக உலரவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். பாதிக்குப் பாதி பொம்மைகள் அதற்கே எழுந்து நடக்கும்.

சரி, உங்கள் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு வந்த கடிதங்களில் இதைவிட நல்ல கேள்வி வந்ததில்லை.

இது யார் வீட்டுப் பொம்மை?

1945 டிசம்பரில், போர் முடிந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில், நீங்கள் இருக்கும் ஊரின் கடை ஒன்றில் ஒரு பொம்மை விற்பனைக்கு வந்தது. கியோட்டோவிலிருந்து ரயிலில் பத்து நிமிடத் தூரத்தில் ஓட்சு இருக்கிறதல்லவா, அங்கே கொசுகே மட்சுஸோ என்பவர் செய்தது. பொம்மை செய்யத் தகடு கிடையாது. அமெரிக்கப் படையினர் சாப்பிட்டுவிட்டு வீசிய உணவு டப்பாக்களைப் பொறுக்கி வந்து, வெட்டி, நிமிர்த்தி, ஒரு ஜீப் செய்தார். தெருவில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் படையினரின் ஜீப்பையே பார்த்துச் செய்தது. விலை 10 யென்.

1947இல் தனியார் ஏற்றுமதிக்கு அனுமதி வந்தது. அப்போதிலிருந்து 1952இல் அமெரிக்க ஆட்சி விலகும்வரை ஏற்றுமதியான பல பொருட்களில் 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று அடித்தார்கள். பிடிபட்ட நாட்டில் செய்தது என்பதைப் பொம்மையின் அடிவயிற்றிலேயே எழுதி அனுப்பினார்கள். என்னிடம் அந்தக் காலத்துக் கார் ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அளவு. வெளியே பச்சை வண்ணம். கவிழ்த்து டார்ச் அடித்தால் உள்பக்கத் தகட்டில் ஏதோ உணவு டப்பாவின் ஆங்கில எழுத்துகள், பாதி வெட்டுப்பட்டு, தலைகீழாக. வெளிப்பக்கத்தைவிட அந்த உள்பக்கத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ரோபோக்களும் இந்த மண்ணில்தான் முளைத்தன. 1940களின் கடைசியில் வந்த 'அட்டாமிக் ரோபோ மேன்' என்ற சின்ன சாவிப் பொம்மையின் பெட்டியை எங்கேயாவது பார்த்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நகரத்தின் நடுவே ரோபோ நடந்து வருகிறது, பின்னால் காளான் மேகம் எழுகிறது. ஹிரோஷிமா நடந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் படத்தை அச்சடித்த நாட்டில்தான் அந்தக் குண்டும் விழுந்திருந்தது. அதை வரைந்தவர் என்ன நினைத்து வரைந்திருப்பார் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். விற்பதற்கு எது ஓடும் என்பதை மட்டும் நினைத்திருக்கலாம். அப்படித்தான் என்றாலும் என்னால் அந்தப் பெட்டியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

அப்புறம் ராபி. 1956இல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்' என்ற ஹாலிவுட் படத்தின் ரோபோ. அதன் வடிவத்துக்குப் பலர் உழைத்தார்கள், அவர்களில் முக்கியமானவர் ராபர்ட் கினோஷிடா. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். போர்க்காலத்தில் சுமார் 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்தார்களே, அவர்களில் அவரும் ஒருவர். அரிசோனா பாலைவனத்தில் போஸ்டன் முகாமில் இருந்தார். அதே மனிதர் வரைந்த ரோபோவை டோக்கியோவில் நோமுரா நிறுவனம் உரிமம் எதுவும் வாங்காமல் தகரத்தில் செய்து அமெரிக்காவுக்கே அனுப்பியது. 'மெக்கனைஸ்டு ரோபோ' என்று பெயர். ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதல் உயரம். தலைக்கு மேலே கண்ணாடி போன்ற குமிழ், அதற்குள் விளக்கொளியில் பிஸ்டன்கள் ஏறி இறங்கும். ஒரே ஒரு முறை அது ஓடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். கர் கர் என்று அது நடந்துவர, அறையில் இருந்த நாங்கள் ஆறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

இப்போது யோசியுங்கள். இந்த ரோபோக்களின் தகட்டு நாக்குகளை மடக்கியவர்கள் யார்? டோக்கியோவின் கிழக்குப் பக்கம் சுமிதா, கட்சுஷிகா பகுதிகளில் சின்னச் சின்னப் பட்டறைகள். அங்கேயும் முடியாத வேலை வீடுகளுக்குப் போகும். நம் சிவகாசிப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார்களே, அதுபோல. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. முடித்த பொம்மைகளில் பெரும்பகுதி கப்பலேறிவிடும். செய்த கையின் வீட்டுக் குழந்தைகளில் எத்தனை பேர் அதற்குச் சாவி கொடுத்திருப்பார்கள்? அமெரிக்கக் குழந்தைக்கோ அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. கிறிஸ்துமஸுக்கு வந்தது, அடுத்த கிறிஸ்துமஸுக்குள் உடைந்தது. அவ்வளவுதான்.

அதனால் ஜப்பானில் பிற்பாடு சேகரிக்கத் தொடங்கியவர்கள் பல பொம்மைகளை அமெரிக்காவிலிருந்து திரும்ப வாங்க வேண்டியிருந்தது. அப்படித் திரும்பி வரும் பொருளுக்கு அவர்கள் சொல்லும் சொல் 'சாதோகாயெரி'. உங்கள் அலுவலக நண்பர்களிடம் அதன் முதல் அர்த்தம் கேட்டுப் பாருங்கள். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு வருவது. இந்தச் சொல்லை முதன்முதலாகக் கேள்விப்பட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக, நீங்கள் நினைக்கிற மாதிரி இதற்கு ஒரு சொந்தக்காரப் பால்யம் எங்கேயோ இருந்து, அதை நீங்கள் தட்டிப் பறித்துவிடவில்லை. பொம்மைக்கும் மனிதருக்கும் நடுவே எப்போதும் ஒரு கடல் இருந்திருக்கிறது. என் சின்ன வயதிலும் இப்படி ஒரு பொம்மை இருந்ததில்லை. இழந்ததை மீட்பதற்காக நான் சேர்க்கவில்லை. உணவு டப்பாவிலிருந்து செவ்வாய்க்கிரகம்வரை பத்துப் பதினைந்து வருடத்துக்குள் கைகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது தகரத்தின் மடிப்பில் தெரிகிறது. அதைப் பார்க்கத்தான் சேர்க்கிறேன். பனங்காய் வண்டி செய்தவர் நீங்கள். குச்சி எங்கே நுழைய வேண்டும், எங்கே முடிச்சுப் போட வேண்டும் என்று தெரிந்த கை உங்களுடையது. நாக்கும் துளையும் உங்களுக்குப் புரிகிற அளவு, பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைப்பவருக்குப் புரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பெட்டியோடு இருப்பதற்குப் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும். நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். விளையாடிய பொம்மையாக வாங்குங்கள்.

முடிந்தால் ஒரு முறை யோகோஹாமா போய் வாருங்கள். யமாதே மேட்டில் கிதாஹாரா தெருஹிசா 1986இல் தொடங்கிய தகரப் பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. தகரத்துக்கு அவர்கள் சொல்லும் 'புரிக்கி'கூட டச்சு மொழியிலிருந்து வந்த சொல்தான். திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

முதலில் பேட்டரி அறையைச் சுத்தம் செய்யுங்கள். ஓட வைத்துப் பார்த்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஒரு நாள்கூட உள்ளே விட்டு வைக்க வேண்டாம். இந்த வகை சில அடி நடக்கும், நிற்கும், நெஞ்சுக் கதவு திறந்து துப்பாக்கிகள் மின்னும், கதவு மூடி மறுபடி நடக்கும். அப்போது அம்மாவுக்கு வீடியோ போட்டுக் காட்டுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.