தள்ளுபடியில் விற்ற கடன்பத்திரத்துக்கு வட்டிச் செலவு எவ்வளவு?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பங்குச்சந்தையில் பட்டியலிடாத நிறுவனம், நிகர மதிப்பு சுமார் 80 கோடி. 2024 அக்டோபர் 1 அன்று 10 கோடி ரூபாய் முகமதிப்புக்கு 3 ஆண்டு டிபென்சர்களை (கடன்பத்திரங்களை) பிரைவேட் பிளேஸ்மென்ட்டில், அதாவது பொதுமக்களுக்கு அல்லாமல் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும், கொடுத்தோம். கூப்பன், அதாவது பத்திரத்தில் குறித்த வட்டி, 9 சதவீதம், ஆண்டுதோறும் செப்டம்பர் 30-ல் தருகிறோம். 100 ரூபாய் பத்திரத்தை 96 ரூபாய்க்குத்தான் வாங்கினார்கள். ஏற்பாட்டாளர் கட்டணம், வக்கீல், ஸ்டாம்ப் என்று இன்னும் 10 லட்சம் போனது. 40 லட்சம் தள்ளுபடி, 10 லட்சம் செலவு, இரண்டையும் அந்த ஆண்டே இலாப நட்டக் கணக்கில் எழுதிவிட்டோம். வட்டியைக் கொடுக்கும் அன்று எழுதுகிறோம். 2025-26 கணக்கை முடிக்க வந்த புது ஆடிட்டர் இரண்டுமே தவறு என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரிதான். ஆனால் உங்கள் இரண்டு தவறுகளும் முதல் ஆண்டில் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. அதனால்தான் பழைய ஆடிட்டர் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

கையில் வந்த பணத்திலிருந்து தொடங்குவோம். உங்களுக்குக் கிடைத்தது 950 லட்சம். திருப்பித் தரப்போவது மூன்று கூப்பன் 270 லட்சம், கடைசியில் அசல் 1000 லட்சம், ஆக 1270 லட்சம். வித்தியாசம் 320 லட்சம். இந்தக் கடனுக்கு நீங்கள் தரும் மொத்த விலை அதுதான். 40 லட்சத் தள்ளுபடி என்பது முதலீட்டாளர் 9 சதவீதம் போதாது என்று கேட்டு வாங்கிய கூடுதல் வட்டி. முதிர்வு நாளில் மொத்தமாகத் தருகிறீர்கள், அவ்வளவுதான். மூன்று ஆண்டு பயன்படுத்தும் பணத்தின் விலையை முதல் ஆறு மாதத்தின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

சரி, 320 லட்சத்தை எப்படிப் பிரிப்பது? 950 உள்ளே, 90, 90, 1090 வெளியே என்று எக்செலில் போட்டு ஐஆர்ஆர் (உள்ளே வந்த பணமும் வெளியே போகும் பணமும் சமமாகும் வட்டி வீதம்) பாருங்கள். 11.0478 சதவீதம் வரும். இதுதான் இந்தக் கடனின் உண்மை வட்டி வீதம். முதல் ஆண்டு 950-க்கு இந்த வீதத்தில் வட்டி 104.95 லட்சம். கூப்பன் 90 போக மீதி 14.95 கடனோடு சேரும், கடன் 964.95 ஆகும். இரண்டாம் ஆண்டு வட்டி 106.61, கடன் 981.56. மூன்றாம் ஆண்டு வட்டி 108.44, கடன் சரியாக 1000. மூன்று வட்டியையும் கூட்டினால் 320 வரும். வராவிட்டால் எங்கோ பிசகு. இந்தச் சோதனையைச் செய்யாமல் தாளை மூடாதீர்கள்.

“ஐம்பது லட்சத்தை மூன்றால் வகுத்து ஆண்டுக்கு 16.67 என்று எழுதினால் போதாதா?” என்று அடுத்துக் கேட்பீர்கள். உங்களுக்குப் பொருந்துவது கடன் செலவுகளுக்கான கணக்கியல் தரநிலையான ஏஎஸ் 16. தள்ளுபடியும் துணைச் செலவுகளும் கடன் செலவின் பகுதி, அவற்றைக் கடன் காலத்துக்குப் பகிர்ந்து எழுத வேண்டும் என்று அது சொல்கிறது. உண்மை வட்டி முறைதான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும், நிகர மதிப்பு 250 கோடியும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கும், அவற்றின் துணை நிறுவனங்களுக்கும் பொருந்தும் இண்ட் ஏஎஸ் என்ற தனித் தரநிலைத் தொகுப்பின் 109-தான் கட்டாயப்படுத்துகிறது. உங்கள் கணக்கில் சமமாகப் பிரித்தால் முதல் ஆண்டில் வரும் வேறுபாடு 1.72 லட்சம்தான். ஆடிட்டர் ஒப்புக்கொள்ளக்கூடும்.

ஆனாலும் நான் உண்மை வட்டி முறையையே சொல்வேன். காரணம், காலம் நீளும்போது சமப் பிரிவு எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைப் பார்த்தால் தெரியும். 1993-ல் குஜராத்தின் சர்தார் சரோவர் நர்மதா நிகம் ஒரு டீப் டிஸ்கவுண்ட் பத்திரம் வெளியிட்டது. விலை 3,600 ரூபாய், 20 ஆண்டு கழித்துக் கிடைப்பது 1,11,000 ரூபாய், நடுவில் கூப்பனே கிடையாது. கொடுக்கும்போதுதான் வட்டி என்ற உங்கள் வழக்கப்படி பார்த்தால் 20 ஆண்டும் வட்டிச் செலவு பூஜ்யம், கடைசி நாளில் இடி. சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 5,370 ரூபாய். அதாவது முதல் ஆண்டில் 3,600 ரூபாய்க் கடனுக்கு 5,370 ரூபாய் வட்டி! எந்தக் கந்துவட்டிக்காரரும் கேட்காத கணக்கு. உண்மை வீதம் சுமார் 18.7 சதவீதம். அதன்படி முதல் ஆண்டு வட்டி ஏறக்குறைய 673 ரூபாய், இருபதாம் ஆண்டு சுமார் 17,500. கடன் வளர வளர வட்டியும் வளர்கிறது. வட்டிக்கு வாங்கிய யாருக்கும் இது புரியும். உங்கள் நிறுவனம் நாளை ஏழு, பத்து ஆண்டுப் பத்திரம் வெளியிடலாம். பழக்கம் இப்போதே சரியாக இருக்கட்டும்.

இனி மார்ச் 31. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாள். முதல் ஆண்டு வட்டியை நாள் கணக்கில் பிரித்தால் 2025 மார்ச்சில் எழுதியிருக்க வேண்டியது 52.33 லட்சம். நிதிச் செலவில் பற்று 52.33, கொடுபட வேண்டிய வட்டியில் வரவு 44.88, தள்ளுபடி, செலவிலிருந்து கழிப்பது 7.45. நீங்கள் எழுதியது 50 லட்சம். வித்தியாசம் வெறும் 2.33 லட்சம்! இலாபம் ஏறக்குறைய சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இருப்புநிலைக் குறிப்பில் பாருங்கள்: 44.88 லட்சம் கடன்பாடு காணோம், அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய தள்ளுபடி, செலவு 42.55 லட்சமும் காணோம்.

திருத்தாமல் விட்டால் இந்த ஆண்டு குட்டு உடையும். 2025-26-ல் நீங்கள் எழுதியிருப்பது செப்டம்பரில் கொடுத்த 90 லட்சம். வர வேண்டியது 105.78. இல்லாத இலாபம் கிட்டத்தட்ட 16 லட்சம் இருப்பதாகக் காட்டும். வங்கிக்கோ டிபென்சர் டிரஸ்டிக்கோ (பத்திரதாரர்கள் சார்பில் கண்காணிப்பவர்) வட்டிக் காப்பு விகிதம் (இலாபம் வட்டியைப் போல எத்தனை மடங்கு என்பது) தரும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த விகிதமும் தப்பாகப் போகும்.

திருத்துவது எப்படி? முந்தைய ஆண்டுத் தவறுகளைப் பற்றிய தரநிலையான ஏஎஸ் 5-இன்படி அந்தத் தவறை இந்த ஆண்டு இலாப நட்டக் கணக்கில் தனி வரியாகக் காட்டலாம். 42.55-ஐ சொத்துப் பக்கம் கொண்டுவாருங்கள், 44.88-ஐ வட்டியாக ஏற்றுங்கள், நிகரம் 2.33 லட்சம் செலவு. இரண்டையும் தனித்தனியே விளக்கக் குறிப்பில் எழுதுங்கள். நிகரத்தை மட்டும் போட்டு முடித்துவிட வேண்டாம். டிபென்சரை 1000 லட்சமாகவே காட்டி, எழுதப்படாத தொகையை இதர சொத்துகளில் காட்டுவது உங்கள் தரநிலையில் வழக்கம். இண்ட் ஏஎஸ் நிறுவனமாக இருந்தால் கடனை நிகரமாகக் காட்ட வேண்டும், முந்தைய ஆண்டு எண்களையே மாற்ற வேண்டும்.

வட்டியை மார்ச் 31-ல் ஏற்றும்போது டிடிஎஸ் (கொடுப்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) கூடவே வரும். 2026 மார்ச் 31 வரையிலான வட்டிக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 193-ஆம் பிரிவு, கணக்கில் வரவு வைப்பது அல்லது கொடுப்பது, எது முந்தியோ அன்று பிடிக்கச் சொல்கிறது. ‘கொடுபட வேண்டிய வட்டி’ என்று பொதுக் கணக்கில் வைத்தாலும் தப்ப முடியாது. பிடித்தம் கூப்பனுக்குத்தான், உண்மை வட்டிக்கு அல்ல. ஆக 2026 மார்ச் 31-ல் 44.88 லட்சத்தில் 10 சதவீதம், 4.49 லட்சம், ஏப்ரல் 30-க்குள் கட்ட வேண்டும். எல்ஐசி போன்ற விலக்குப் பெற்றவர்கள் உங்கள் பத்திரதாரர்களில் இருந்தால் அவர்களை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

வருமான வரிக் கணக்கில் மட்டும் 40 லட்சத்தையும் 10 லட்சத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வழிகாட்டும் தீர்ப்புகள் நம் ஊர் நிறுவனங்களின் வழக்குகள்தான். மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் 1966-ல் ஒன்றரைக் கோடிக்கு 2 சதவீதத் தள்ளுபடியில், 12 ஆண்டில் திருப்பித் தரும்படி டிபென்சர் வெளியிட்டது. 3 லட்சம் தள்ளுபடியை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது, 12 ஆண்டுக்கும் பகிர வேண்டும் என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில், 40 லட்சம் கடன் வாங்கச் செலவான 84,633 ரூபாய் வருவாய்ச் செலவே (அதாவது வருமானத்திலிருந்து உடனே கழிக்கக்கூடிய செலவே) என்று 1965-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே உங்கள் 10 லட்சத்தை வரிக்கு முதல் ஆண்டே கேட்கலாம். 40 லட்சத்தை முழுதாகக் கேட்டிருந்தால் 2024-25 வரிக் கணக்கைத் திருத்துவது பற்றி இப்போதே ஆடிட்டரிடம் பேசுங்கள். புத்தகத்துக்கும் வரிக்கும் இடையிலான இந்தக் கால வேறுபாட்டுக்கு ஏஎஸ் 22-இன்படி டெஃபர்டு டாக்ஸ் (பின்னால் சரியாகும் வரி வேறுபாட்டை இப்போதே காட்டுவது) போட வேண்டும்.

ஒன்றை நீங்கள் சொல்லவில்லை: அந்தப் பணம் எங்கே போனது? நடைமுறை மூலதனத்துக்கு என்றால் மேலே சொன்னதோடு சரி. புது ஃபவுண்டரி (வார்ப்பாலை) கட்ட என்றால், அதுவும் கட்டி முடிக்க 12 மாதத்துக்கு மேல் ஆகும் என்றால், கட்டுமானக் காலத்துக்கான வட்டி இலாப நட்டக் கணக்குக்கே வராது. சொத்தின் விலையில் ஏற வேண்டும். அப்போதும் ஏற்ற வேண்டியது கூப்பனை மட்டும் அல்ல, பகிர்ந்த தள்ளுபடியும் சேர்ந்த தொகையை. ஆடிட்டரிடம் அட்டவணையைக் கொடுக்கும் முன் இதைப் பிரித்துவிடுங்கள்.