ஞானஒடுக்க இல்லம் கட்டுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஞானஒடுக்கம் என்றால் சில நாள் ஒதுங்கி மௌனமாகச் செபிப்பது. அதற்கான இல்லத்தின் அறை, தண்ணீர், சிற்றாலயம், பராமரிப்பு பற்றிக் கேளுங்கள். கட்டணமும் முன்பதிவும் அந்தந்த இல்லத்து அலுவலகத்தில் கேட்க வேண்டியவை.

வள்ளியூர், பங்குப் பேரவை உறுப்பினர்: அண்ணாச்சி, முப்பது பேர் தங்குற மாதிரி தியான இல்லம் கட்டப் போறோம். அறை எவ்வளவு பெருசா இருக்கணும்? ரெண்டு ரெண்டு பேரா தங்க வைக்கலாமா?

ஒருவருக்கு ஓர் அறை. செலவைக் குறைக்க வேறு எதில் வேண்டுமானாலும் கை வையுங்கள், இதில் வேண்டாம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஞானப் பயிற்சி முழுமையாக 30 நாள்; பெரும்பாலோர் செய்வது 8 நாள். அத்தனை நாளும் மௌனம். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் புரண்டு படுத்தாலே கவனம் அங்கே போய்விடும்.

உள்ளளவு 10க்கு 12 அடி போதும். கட்டில் ஆறரைக்கு மூன்று. மேசை நாலுக்கு இரண்டு. விவிலியத்தையும் நோட்டையும் விரித்து வைக்க இரண்டடி ஆழம் வேண்டும். நிமிர்ந்து உட்கார ஒரு நாற்காலி, முழந்தாளிட ஒரு மணை, சுவரில் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்). இவ்வளவும் வைத்த பிறகு ஆறுக்கு மூன்றடித் தரை காலியாக இருக்க வேண்டும். முழந்தாளிட்டு, தரையில் குப்புற விழுந்து, மல்லாந்து, உட்கார்ந்து, நின்று என எந்த நிலையிலும் செபிக்கலாம் என்பது இஞ்ஞாசியார் சொன்னது. கட்டிலைப் போட்டு அறையை அடைத்துவிட்டால் குப்புற விழ இடம் எங்கே? பயிற்சியின் முதல் வாரத்தில் கதவு ஜன்னலைச் சாத்தி இருட்டில் இருக்கவும் சொல்கிறார். அதனால் வெறும் கண்ணாடி ஜன்னல் போதாது, மரக்கதவும் வேண்டும்.

அறைகளுக்கு நடுவில் 9 அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை வரைக்கும். நாலரை அங்குலத்தில் இருமல் அப்படியே கேட்கும். ஒரே சுவரில் இரண்டு பக்கமும் சுவிட்ச் பெட்டியை முதுகோடு முதுகாகப் பதிக்காதீர்கள். அந்த இடத்தில் சுவரே இல்லாத மாதிரிதான். இரண்டடி தள்ளிப் பதிக்கச் சொல்லுங்கள்.

தென்காசி: ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்குவாங்க?

முதல் வரியைப் பாருங்கள்.

ராதாபுரம்: எங்க பக்கம் உப்புத் தண்ணி. எவ்வளவு தேக்கணும்? ஹீட்டர் அடிக்கடி போகுதே?

தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் கணக்கு. முப்பது பேரும் வேலையாட்கள் ஆறு பேரும் என்றால் 4,860. மேல்தொட்டி 5,000, தரைத்தொட்டி 15,000 வையுங்கள். தரைத்தொட்டி மட்டுமே மூன்று நாள் தாங்கும். ஹீட்டரைச் சுட்டுப் பொசுக்கும் அளவுக்கு வைப்பதால்தான் உப்பு கம்பியில் படிகிறது. 50 டிகிரியில் நிறுத்துங்கள், ஆண்டுக்கொரு தடவை கம்பியைக் கழற்றிச் சுரண்டுங்கள். குடிக்க ஆர்.ஓ. வைத்தால் கழிவுநீரைக் கக்கூஸ் தொட்டிக்குத் திருப்புங்கள்.

தண்ணீர்க் குழாயைக் கட்டில் தலைமாட்டுச் சுவரிலோ சிற்றாலயச் சுவரிலோ கொண்டுபோகாதீர்கள். மோட்டாரை ரப்பர் மெத்தையில் உட்கார்த்தி, முதல் இரண்டடிக்கு வளையும் குழாய் போடுங்கள். இல்லையென்றால் அதிர்வு குழாய் வழியே கூரைக்கு ஏறி, விடியற்காலைத் தியானத்தில் மொத்தக் கட்டடமும் முனகும்.

அம்பாசமுத்திரம்: ஏசி போடலாமா?

வயதான குருக்களுக்கென இரண்டு அறையில் போடுங்கள். வெளிப்பெட்டி வேறு யார் ஜன்னலுக்கும் அருகில் வரக் கூடாது.

நாங்குநேரி, சைட் எஞ்சினியர்: வராந்தா பக்கம் கதவுக்கு மேல வெண்டிலேட்டர் வைக்காம காத்து எப்படி ஓடும்?

அதை வைத்தால் 9 அங்குலச் சுவர் கட்டிய காசு வீண். ஒன்றரைச் சதுர அடி ஓட்டை வழியாக வராந்தாச் செருப்புச் சத்தம் எல்லா அறைக்கும் போகும்.

அதே எஞ்சினியர்: சித்திரை வெயில்ல அறை அடுப்பாயிரும். கதவைத் திறந்து போட்டுத்தான் படுப்பாங்க. அப்போ மௌனம் என்ன ஆகும்?

நியாயமான கேள்வி. நேர் ஓட்டைதான் கூடாது, காற்று வரலாம். அலமாரிக்கு மேலே லாஃப்ட்டைக் காற்றுப் பெட்டியாக்குங்கள். வராந்தா வாய் ஒரு மூலையில், அறை வாய் மூன்றடி தள்ளி எதிர் மூலையில். உள்ளே தென்னைநார்ப் பலகை ஒட்டினால் காற்று வளைந்து வரும், சத்தம் நாரில் அடங்கும். வெப்பம் பெரும்பாலும் மொட்டைமாடி வழியாகத்தான் இறங்குகிறது. அதன்மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்து வெள்ளையடியுங்கள்.

மணப்பாடு: நான் எஞ்சினியர் பக்கம். கடற்கரைப் புழுக்கத்துக்கு லாஃப்ட் காத்து பத்தாது.

கடற்கரைக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே நீள வராந்தாவே வேண்டாம். இரண்டிரண்டு அறையாகத் தனித்தனிக் கட்டடம் எழுப்பி நாலு பக்கமும் திறந்துவிடலாம். கொக்கி, தாழ்ப்பாள் பித்தளையில். இரும்பு துருப்பிடித்துக் கிறீச்சிடும்.

அதே எஞ்சினியர்: அப்போ நாங்குநேரியில மேற்கு ஜன்னல் வைக்கலாமா?

கூடாது. ஆனியிலிருந்து ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. முப்பந்தலில் காற்றாலை நிற்பதே அதை நம்பித்தான். மேற்கு ஜன்னல் இரவெல்லாம் தடதடக்கும், புழுதியும் வரும். மேற்கே குளியலறை, சாமான் அறை. ஜன்னல் வடக்கிலும் தெற்கிலும்.

பாளையங்கோட்டை, ஒரு சிஸ்டர்: அறைகளுக்குப் பக்கத்திலேயே நற்கருணைச் சிற்றாலயம் வைக்க அனுமதி வேணுமா?

துறவற சபை இல்லத்தோடு சேர்ந்தது என்றால் திருச்சபைச் சட்டம் 934 ஏற்கெனவே இடம் தருகிறது, சிஸ்டர். பங்கோ அறக்கட்டளையோ நடத்துவதென்றால் மறைமாவட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும். பராமரிக்க ஆள் எப்போதும் இருக்கணும், இயன்றவரை மாதம் இருமுறையாவது திருப்பலி நடக்கணும். நற்கருணை அப்பத்தை வைக்கும் பேழை நகர்த்த முடியாததாக, உறுதியாக, உள்ளே தெரியாததாக, பூட்டியதாக இருக்க வேண்டும் (938). அணையா விளக்கு மின்விளக்கு என்றால் இன்வெர்ட்டரில் இணையுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் பூண் மாட்டுங்கள். குழாய் பற்றி மேலே சொன்னது இங்கே இன்னும் முக்கியம்.

களக்காடு: பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்ய, தனி அறை?

வேண்டும், நடுவில் நிலையான கம்பி வலையோடு (964). ஆன்ம ஆலோசனை அறை வேறு. அதன் கதவில் கண்ணாடி பதியுங்கள். காத்திருப்போர் நாற்காலி கதவிலிருந்து பதினைந்தடி தள்ளி.

சங்கரன்கோவில்: ஏசி அறை உண்டா? கட்டணம்?

ஏசிக்கு அம்பாசமுத்திரத்துக்குச் சொன்ன பதில். கட்டணத்துக்கு அலுவலகம்.

வள்ளியூர்: குழாய் ஏற்கெனவே சிற்றாலயச் சுவர்ல பதிச்சாச்சு அண்ணாச்சி.

பூசுவதற்கு முன் வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். இப்போது ஒரு நாள் வேலை. டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவரையே உடைக்க வேண்டிவரும்.