குடியை விட்டவர்களின் கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. கொத்தனார் வேலை. 12 வருடமாகத் தினமும் குடிக்கிறார். இப்போது அவரே விட்டுவிட வேண்டும் என்கிறார். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் குழு இருக்கிறதாமே? நாங்கள் திண்டுக்கல் பக்கம். தெரிந்த ஒருவர், “3,000 ரூபாய் கட்டினால் குழுவில் சேர்த்துவிடுகிறேன், சரிவராவிட்டால் வேன் அனுப்பிக் குடி மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிப் போய்விடலாம்” என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்டது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத்தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது. இதில் சேரத் தேவையான ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. சேர்க்கைக் கட்டணம், மாதச் சந்தா எதுவும் கிடையாது. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீச் செலவுக்கும் உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். புதிதாக வந்தவர் போடாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வெளியார் தரும் நன்கொடையையே வாங்குவதில்லை என்று கொள்கை வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சேர்த்துவிட 3,000 கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

இனி, எங்கே தேடுவது? 14446 என்ற மத்திய அரசின் போதை மறுவாழ்வு உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் டாக்டரிடமோ ஆலோசகரிடமோ, “ஏ.ஏ. மீட்டிங் எங்கே நடக்கிறது?” என்று நேராகக் கேளுங்கள். பக்கத்தில் கூட்டம் இல்லையென்றால் போன் வழியாக நடக்கும் தமிழ்க் கூட்டங்களைப் பற்றி விசாரியுங்கள். இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், கிளம்பும் முன் ஒரு தடவை போன் செய்துவிடுங்கள். பல ஊர்களில் சர்ச் வளாகத்து அறையிலோ பள்ளிக்கூடத்திலோ கூடுவார்கள். அதைப் பார்த்து மதத்துக்கு இழுப்பார்களோ என்று பயப்பட வேண்டாம், இடம் கிடைப்பதால் அங்கே கூடுகிறார்கள்.

இந்த முகவரியை மருத்துவமனைச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்ட எத்தனை நிமிடம் ஆகும்? வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2003-லிருந்து மதுபானச் சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கிறது. கடை எங்கே என்று எவரும் விசாரித்து அலைய வேண்டியதில்லை. விட நினைப்பவரின் மனைவிதான் வீடு வீடாகக் கேட்டு, கடைசியில் தரகரிடம் போய் நிற்கிறாள். எனக்கு இது ஆறவே இல்லை.

அந்த வேன் விஷயம். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடிநோய் சிகிச்சையும் அடங்கும். மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒருவரை அவர் சம்மதமில்லாமல் சேர்க்க, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்து அவசியம் என்று எழுத வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். ராத்திரியில் நாலு பேர் வந்து கையைக் கட்டித் தூக்கிப் போவதும், மூன்று மாதம் வீட்டாரைப் பார்க்க விடாததும் சிகிச்சையே அல்ல. அப்படி அடிபட்டு வந்தவர்களுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். உங்கள் கணவர் தானாகவே வருகிறேன் என்கிறார். அவருக்கு எதற்கு வேன்?

‘அவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம்’ என்று பொடி விற்பவர்களும் வருவார்கள். வாங்காதீர்கள். அதில் டைசல்பிராம் (குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் மருந்து) இருந்து, அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் குழுவுக்கு முன்னால் மருத்துவமனை. இதைக் கவனமாகப் படியுங்கள். காலையில் எழுந்ததும் அவருக்குக் கை நடுங்குகிறதா? வியர்க்கிறதா? கொஞ்சம் குடித்ததும் நடுக்கம் நிற்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால், வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கு மேல் ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, இல்லாத பூச்சியைச் சுவரில் பார்ப்பது, காய்ச்சல் எல்லாம் வரலாம். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குத் தூக்கிப்போய், தாமதத்தால் இறந்தவர்கள் உண்டு. அரசு மருத்துவமனையில் சேர்த்தால் நடுக்கத்துக்கு மாத்திரையும், மூளையைக் காக்க பி1 வைட்டமின் ஊசியும் போட்டுச் சில நாளில் தேற்றிவிடுவார்கள். குழுவில் இருப்பவர்கள் அருமையான மனிதர்கள், ஆனால் அவர்களால் வலிப்பை நிறுத்த முடியாது. நடுக்கம் அடங்கிய பிறகு கூட்டத்துக்கு அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் ஆன அந்த வாரமே அனுப்புங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

முதல் நாள் அவர் பேச வேண்டியதில்லை, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும். குடும்பத்தாருக்கு ‘அல்-அனான்’ என்று தனிக் கூட்டம் உண்டு. அதைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள், அது உங்களுக்கானது.

மருத்துவமனைக்குப் போகும்போது அவர் கடைசியாகக் குடித்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.