தேக்காவின் காய்கறிப் பெட்டிகள்

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவின் பஃபலோ ரோட்டில், கடைகளின் முன்னால் நடப்பதற்கான ஐந்தடிப் பாதையைக் காய்கறிப் பெட்டிகள் அடைத்துக்கொள்கின்றன. அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப்போக முடியவில்லை. இந்தக் கடைகளை எல்லாம் சந்தைக் கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டால் என்ன?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: அம்மாவுக்கு வழி விட்டே ஆக வேண்டும். அதில் மறுபேச்சு இல்லை. கடைவீடுகளின் முன்னால் நடப்பவர்களுக்குத் தாழ்வாரம் வேண்டும் என்று 1822 நகரத் திட்டத்திலேயே, இங்கே பிரிட்டிஷ் துறைமுகத்தை நிறுவிய ராஃபிள்ஸ் சொல்லிவிட்டார். அந்த இடம் யாருக்கு என்ற தகராறில் 1888இல் இங்கே கலவரமே நடந்தது.

ஆனால் எல்லாவற்றையும் உள்ளே தள்ளச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 1968, 69 கணக்கெடுப்பில் சுமார் 18,000 தெருக்கடைக்காரர்கள் பதிவானார்கள். 1986க்குள் தெருவில் இருந்தவர்களை உணவங்காடிகளுக்கும் சந்தைகளுக்கும் மாற்றி முடித்தார்கள். அது அன்று தேவைப்பட்டது. தெருவில் குழாய்த் தண்ணீர் கிடையாது, கழுவிய தண்ணீர் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போனது. சரி, கடை வாசலில் இருக்கும் வெண்டைக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் அந்தக் காரணம் எப்படிப் பொருந்தும்?

சுங்கை ரோடு சந்தை ஞாபகம் இருக்கிறதா? 1930களில் தொடங்கியது, 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். இடத்துக்கு வாடகை இல்லை. தரையில் கித்தான் விரித்து, நின்றுபோன கைக்கடிகாரம், டிவி இல்லாத ரிமோட், காது உடைந்த பீங்கான் கோப்பை என்று பரப்பி வைத்து வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு வெள்ளிக்கு வியாபாரம், இரண்டு மணி நேரம் பேச்சு. காசு கொடுக்காமல் ஒரு முதியவர் கடை விரிக்க, நாலு பேரோடு பழக, அப்படி ஓர் இடம் அப்புறம் இந்த ஊரில் எங்கே வந்தது? எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கேம்பல் லேனில் பூக்கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். விரல் நாரைச் சுற்றிக்கொண்டே இருக்கும், தலை நிமிராமலே “எத்தனை முழம்க்கா?” என்று கேட்பார்கள். அந்தக் கடையை மூன்றாம் மாடிக்கு ஏற்றினால் பூ கிடைக்கும், தெரு செத்துவிடும்.

நீங்கள் கேட்க வேண்டியது ஒரு கோடு. நாற்காலி தாராளமாகப் போகும் அகலம் விட்டுத் தரையில் மஞ்சள் கோடு போடச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டிய பெட்டியை அன்றைக்கே எடுக்க வைக்கட்டும். அந்த மனுவில் என் கையெழுத்தும் இருக்கும்.