வெடிப்பு, வெறுவெளி, சாமி: கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

நெல்லிக்குப்பம், பிளஸ் டூ மாணவி: பிரபஞ்சம் தொடங்கின பெருவெடிப்பு எந்த இடத்துல நடந்துச்சு சார்? கிட்டத்தட்ட எல்லா கேலக்ஸியும் (விண்மீன் கூட்டமும்) நம்மள விட்டு விலகுதுன்னா, நாமதானே நடுவுல இருக்கோம்?

பதில்: நடு என்று ஓர் இடமே கிடையாதும்மா. தையல் சாமான் கடையில் அரை மீட்டர் எலாஸ்டிக் வாங்கு. இழுக்காமல் தரையில் வைத்து, 2 செ.மீ. இடைவெளியில் ஆறு புள்ளி வை. எலாஸ்டிக்தான் வெளி, ஒவ்வொரு புள்ளியும் ஒரு கேலக்ஸி. இரண்டு மடங்காக இழுத்து, ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து அளந்து பார். பக்கத்துப் புள்ளி 2 செ.மீ. விலகியிருக்கும், அடுத்தது 4, அதற்கும் அடுத்தது 6. எந்தப் புள்ளியிலிருந்து அளந்தாலும் இதே கணக்குதான். தொலைவில் இருப்பது வேகமாக விலகும் என்று 1929-இல் வானியலாளர் ஹப்பிள் காட்டியது இதைத்தான். ஒரு முனையை ஆணியில் மாட்டி இழுக்காதே, ஆணிதான் மையம் என்று கண் ஏமாறும். 'வெடிப்பு' என்ற பெயரும் அப்படித்தான் ஏமாற்றுகிறது. விரிந்தது வெளி.

கடலூர் முதுநகர், வாசகர்: 1380 கோடி வருஷத்துக்கு முன்னால் நடந்ததை யார் பார்த்தார்கள்? சாமி படைத்தார் என்பதும் நம்பிக்கை, இதுவும் நம்பிக்கை. என்ன வித்தியாசம்?

பதில்: பெருவெடிப்புக் கோட்பாடு தப்பாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம், அதுதான் வித்தியாசம். கணக்கை நீங்களே போடலாம். முதல் சில நிமிடங்களில் 7 புரோட்டானுக்கு 1 நியூட்ரான்தான் இருந்தது. நியூட்ரான் கொஞ்சம் கனமானது, தனியாக விட்டால் சிதைந்தும் போகும், அதனால்தான் குறைவு. 16 துகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 14 புரோட்டான், 2 நியூட்ரான். அந்த 2 நியூட்ரானும் 2 புரோட்டானோடு சேர்ந்து ஒரு ஹீலியம் கரு ஆகிவிடும். மிஞ்சிய 12 புரோட்டானும் ஹைட்ரஜன். எடையில் 16-க்கு 4, அதாவது 25 சதவீதம் ஹீலியம். விண்மீன்கள் அதிகம் சமைக்காத பழைய வாயுவை அளந்தால் ஏறக்குறைய அதே அளவுதான் வருகிறது. 10 சதவீதம் வந்திருந்தால் கோட்பாடு அன்றோடு முடிந்திருக்கும்.

இன்னொரு சான்று, பெருவெடிப்பின் மிச்சச் சூடு. சுமார் 5 கெல்வின் (மைனஸ் 268 டிகிரி செல்சியஸ்) இருக்கும் என்று 1948-லேயே இயற்பியலாளர்கள் ஆல்பரும் ஹெர்மனும் எழுதினார்கள். 1964-இல் ரேடியோ வானியலாளர்கள் பென்சியாஸ், வில்சன் இருவரின் ஆன்டெனாவில் ஓர் இரைச்சல் விடாமல் கேட்டது. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைக் கழுவிப் பார்த்தும் போகவில்லை. அந்த இரைச்சல்தான் மிச்சச் சூடு. இன்றைய அளவு 2.7 கெல்வின்.

சிதம்பரம், கடைக்காரர்: ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாம் வந்தது என்கிறார்களே, சிதம்பர ரகசியமும் அதுதானே? ஜெனீவா பக்கம் உள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் நடராஜர் சிலைகூட இருக்கிறது.

பதில்: சிலை 2004-இல் இந்தியா கொடுத்த அன்பளிப்பு, ஆய்வு முடிவு அல்ல. இயற்பியல் சொல்லும் வெற்றிடத்தில் (மின்காந்தப் புலம் போன்ற) புலங்களும் விதிகளும் இருக்கின்றன, அது 'ஒன்றுமில்லாதது' ஆகாது. திரை விலகியதும் தெரியும் வெளியும் தங்க வில்வ மாலையும் உருவமில்லாத இறைவனைக் குறிப்பவை. இரண்டையும் ஒட்டாதீர்கள். நாளை இயற்பியல் மாறினால் ரகசியம் பொய்யாகிவிடுமா? தொடக்கத்தின் முதல் நொடித் துணுக்கில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் கைவிட்டுவிடுகின்றன. அதற்கு முன் என்ன என்பதற்கு இன்று விடை இல்லை. அந்த ஓட்டையை அடைக்கக் கடவுளைக் கூப்பிடுவதும் அவருக்கு மரியாதை இல்லை.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை, வாசகர்: பஞ்சாங்கம் கிரகணத்தைச் சரியாகச் சொல்கிறது. அப்படியானால் ராகு கேது உண்மைதானே?

பதில்: உண்மைதான், ஆனால் பாம்புகளாக அல்ல. நிலவின் பாதை சூரியனின் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்தது. இரண்டும் வெட்டும் இரு புள்ளிகளே ராகுவும் கேதுவும். 18.6 ஆண்டில் ஒரு சுற்று வரும். 1769-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்து, மேகத்தால் தவறவிட்டவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீ. இங்கே தமிழர்கள் சோழிகளை வைத்தே கிரகணக் கணக்குப் போடும் முறையைக் கற்று எழுதிவைத்தவரும் அவரே. பெருமைப்பட வேண்டிய கணக்கு அது, பாம்புக்குச் சான்று அல்ல.

திருப்பாதிரிப்புலியூர், ஓர் அம்மா: மகன் பிசிக்ஸ் படிக்கிறான். கோயிலுக்கு வர மாட்டேன் என்கிறான். படித்தால் பக்தி போய்விடுமா?

பதில்: போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லைம்மா. பிரபஞ்சம் விரிவதை 1927-லேயே எழுதிய பெல்ஜிய இயற்பியலாளர் லெமேத்ர், கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப்பாண்டவர் அதைப் படைப்புக்குச் சாட்சியாகப் பேசியபோது, அப்படிக் கலப்பது லெமேத்ருக்குப் பிடிக்கவில்லை. 1979 இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்தவர்களில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இறை நம்பிக்கையாளர், வைன்பெர்க் நாத்திகர். இருவரும் வந்து சேர்ந்தது ஒரே கோட்பாட்டுக்கு.

மகனை வற்புறுத்தாதீர்கள். மகாளய அமாவாசையன்று காலையில் நீங்கள் தர்ப்பணத்துக்குப் போகும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கே, இரவு 9 மணிக்கு உங்களை அழைத்துப் போகும்படி அவனிடம் சொல்லுங்கள். வடகிழக்கில், கடலுக்கு மேலே, தொடுவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி இருக்கும். அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டு ஆகிறது. 10x50 பைனாகுலர் போதும், மங்கலான பஞ்சுத் துணுக்கு மாதிரித் தெரியும். மேகம் இருந்தால் அடுத்த நாள் போங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும், நடுவில் செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.