பழைய வாக்குவம் கிளீனர்களைச் சேர்த்து வைத்து ரிப்பேர் பார்ப்பதில் அப்படி என்னதான் சந்தோஷம்?

கேள்வியைப் பார்த்தால் உங்கள் வீட்டிலேயே ஒருவர் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார் என்று தோன்றுகிறது. கணவரோ, அண்ணனோ, மாமனாரோ. கட்டிலுக்கு அடியில் ஹோஸ், அலமாரி மேல் கழற்றிப் போட்ட மோட்டார், துணி வைக்க வேண்டிய தட்டில் ஸ்க்ரூ டப்பா. சரிதானே? நான் அந்த மனிதரின் கட்சி. நடுநிலையான பதில் வேண்டுமென்றால் வேறு யாராவது எழுதுவார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே யாராவது நிச்சயம் ஆரம்பிப்பார்கள். இது குப்பை சேர்க்கும் வியாதி இல்லை. ஓடாத கடிகாரத்தை வாங்கி ஓட வைப்பவரை ரசனைக்காரர் என்கிறோம். பழைய ரேடியோவைப் பாட வைப்பவரைக் கைதேர்ந்தவர் என்கிறோம். வாக்குவம் கிளீனர் என்றதும் மட்டும் ஒரு நமட்டுச் சிரிப்பு. அழுக்கு எடுக்கிற சாமான் என்பதால் அதற்கும் மரியாதை இல்லை, அதைத் திறந்து பார்ப்பவனுக்கும் இல்லை.

என்ன சந்தோஷம் என்றால், இதை முழுசாகப் புரிந்துகொள்ள முடிகிறது. வீட்டில் இருக்கிற மற்ற மெஷின்களைத் திறந்தால் ஒரு சர்க்யூட் போர்டு நம்மைப் பார்த்து முறைக்கும், அதோடு கதை முடிந்தது. பழைய வாக்குவம் கிளீனரில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஒரு மோட்டார், ஒரு விசிறி, ஒரு பை அல்லது ஃபில்டர், ஒரு குழாய், சிலதில் சுழலும் பிரஷ்ஷும் அதற்கொரு பெல்ட்டும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும், தூசி மட்டும் நடுவில் நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

கோளாறையும் பெரும்பாலும் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். ஓடும்போது குழாய் வாயைக் கையால் பொத்திப் பாருங்கள், சத்தம் கீச்சென்று ஏறும். மோட்டார் திணறுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். விசிறி தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் சுமை குறைந்து மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. கையால் பொத்தாமலேயே அந்தக் கீச்சுக் குரல் வந்தால் எங்கோ அடைப்பு என்று அர்த்தம். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தாலும் ஆபத்து, ஏனென்றால் பல மாடல்களில் உறிஞ்சுகிற அதே காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்கிறது. நடுவில் தானாக நின்றுபோய், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஓடும் கிளீனர்கள் பலவற்றில் காரணம் இந்தச் சூடுதான்.

என் சித்தி வீட்டுக் கிளீனர் கதையைச் சொன்னால் புரியும். தரையில் இழுத்துக்கொண்டு போகிற உருளை வகை. சில நாள் ஓடும், சில நாள் ஓடாது, தலையில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடும். கூடவே ஒரு கருகல் வாசனை. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். அங்கே திறந்தே பார்க்காமல் “மோட்டார் போச்சு, புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லி, பார்த்ததற்கான கட்டணத்தையும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். எந்த சென்டர் என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. “எடுத்துட்டுப் போடா, உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே” என்றார் சித்தி. அவர் சொன்ன தொனியில் பாசம் பாதி, இடம் காலியாகிறதே என்ற நிம்மதி பாதி.

தட்டினால் ஓடுகிறது என்றாலே எனக்கு முதல் சந்தேகம் கார்பன் மேல்தான். இந்த மோட்டார்களில் சுற்றுகிற ஆர்மேச்சருக்கு, அதாவது காயில் சுற்றிய நடுப்பகுதிக்கு, கரண்ட் கொடுப்பது இரண்டு கார்பன் துண்டுகள். பின்னால் ஸ்ப்ரிங் தள்ள, அவை ஆர்மேச்சரின் முனையில் செப்புத் தகடுகளை வட்டமாக அடுக்கிய கம்யூட்டேட்டர் மேல் உரசிக்கொண்டே இருக்கும், உரச உரசத் தேயும். தேய்வதற்காகவே செய்த சாமான் அது. கழற்றினேன். உள்ளே எல்லாம் மை போல மெல்லிய கறுப்புப் பொடி. ஒரு பக்கத்துக் கார்பன் பாதிக்கு மேல் நன்றாக இருந்தது. மறுபக்கம் நகக்கண் அளவுக்குத் தேய்ந்து, பித்தளைக் கூட்டுக்குள் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது. ஸ்ப்ரிங் அதன் எல்லை வரைக்கும் நீண்டுவிட்டது, அதற்கு மேல் தள்ள அதனிடம் ஒன்றும் இல்லை. சித்தி தட்டிய தட்டுதான் அந்தத் துண்டைக் கொஞ்ச நேரத்துக்குச் செம்பைத் தொட வைத்திருக்கிறது.

ஆர்மேச்சரை மீட்டரில் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்துச் செப்புத் தகடுகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் ஒரே அளவு காட்டியது, காயிலில் குறை இல்லை. மோட்டார் போகவே இல்லை. செம்பில் படிந்த கரியை நைஸான உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன் (எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் கரண்டைக் கடத்தும்). தகடுகளின் இடுக்குகளை மரக்குச்சியால் சுரண்டினேன். அதே அளவுக் கார்பன் கிடைக்கவில்லை. கொஞ்சம் பெரியதாக வாங்கித் தாளில் வைத்து உரசி உரசிக் கூட்டுக்குள் வழுக்கிப் போகும் அளவுக்குக் கொண்டுவந்தேன். இந்த உரசல் வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். விரல் கறுத்துவிடும், மனசு வேறு எங்கும் போகாது.

அப்புறம் ஒரு விஷயம் இருக்கிறது, இதை உங்கள் வீட்டு ஆளுக்கு ஆதரவாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். புதுக் கார்பனை உடனே முழு வோல்டேஜில் ஓட்டக் கூடாது. அதன் தட்டையான முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தக்கபடி தேய்ந்து உட்காரும் வரை பாதி வோல்டேஜில் ஓட்டுவது நல்லது. அதற்குச் சுலபமான வழி, அதே மாதிரி இன்னொரு மோட்டாரை சீரிஸில் (ஒன்றன் வழியாக மற்றதற்குக் கரண்ட் போகும்படி) இணைத்து இரண்டையும் சேர்த்து ஓட விடுவது. ஆக, ஒரு கிளீனரை ஒழுங்காக ரிப்பேர் பார்க்கவே இன்னொரு கிளீனர் வேண்டும். எதற்கு ரெண்டு என்று என்னிடம் கேட்டவர்களுக்கு இதுதான் பதில். மூன்றாவது ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். (மெயின் லைனில் செய்கிற வேலை இது. பழக்கம் இல்லாதவர்கள் படித்துவிட்டு முயற்சி செய்ய வேண்டாம்.)

முழு வோல்டேஜ் கொடுத்தபோது அந்த மெஷின் ஒரே சீரான குரலில் எழுந்தது. கார்பன் முனையில் ஊசி முனை அளவு நீலப் பொறி மட்டும், முன்பு செம்பைச் சுற்றி ஓடிய நெருப்பு வளையம் இல்லை. அந்த நிமிஷத்துச் சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒயரைக் கொஞ்சம் நீளமாப் போட்டுக் கொடுத்திருக்கலாமே” என்றார்.

ரிப்பேர் சரி, சேகரிப்பு எதற்கு? தூசியையும் காற்றையும் பிரிப்பது என்ற ஒரே சிக்கலை ஒவ்வொரு காலத்து ஆளும் எப்படி அவிழ்த்தான் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சுகம்தான். லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற இன்ஜினியர், தூசியை ஊதித் தள்ளும் கருவி ஒன்றைப் பார்த்துவிட்டு, ஊதுவதைவிட உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். உணவகத்து நாற்காலியில் கைக்குட்டையை வைத்து வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தாராம். 1901-ல் அவர் செய்த மெஷின் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும், ஜன்னல் வழியாக நீளக் குழாய் மட்டும் வீட்டுக்குள் போகும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து கேன்டன் நகரில் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர் ஒரு கடையின் துப்புரவுப் பணியாளர், ஆஸ்துமாக்காரர். தூசி தாங்காமல், விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றை வைத்துத் தானே ஒன்று செய்துகொண்டார். 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கியவர் தோல் சாமான் வியாபாரம் செய்துவந்த ஹூவர். கொடி கட்டிப் பறந்தது ஹூவர் என்ற பெயர். ஸ்பாங்ளரை எங்களைப் போன்ற கிறுக்கர்கள்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

1921-ல் எலக்ட்ரோலக்ஸ் ‘மாடல் ஃபைவ்’ சறுக்குக் கட்டைமேல் படுத்த உருளையாக வந்தது. ஐம்பதுகளின் நடுவில் ஹூவர் விற்ற ‘கான்ஸ்டலேஷன்’ பந்து வடிவம், தான் வெளியே விடும் காற்றின் மேலேயே மிதந்து நகரும். ஜேம்ஸ் டைசன் என்ற பிரிட்டிஷ்காரர் பையே வேண்டாம் என்று 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார். இப்படி ஒரு வரிசை கண்முன்னே இருந்தால் கை சும்மா இருக்குமா?

இனி ஆட்சேபக்காரர்களுக்கு. பழையது கரண்டைக் குடிக்கும் என்பீர்கள். வாட் என்பது மெஷின் தின்பது, உறிஞ்சுவது அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் 1,600 வாட், 2017-ல் 900 வாட் என்று உச்சவரம்பு வைத்ததே, வாட்டைக் காட்டி விற்கும் போட்டி அந்த அளவுக்குப் போனதால்தான். பிரஷ் சுழலும் பழைய மாடல்கள் பல, சில நூறு வாட்டிலேயே கம்பளத்தைச் சுத்தம் செய்தவை. ஆனால் ஃபில்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும், பழைய துணிப் பை நைஸ் தூசியைத் திரும்ப அறைக்குள்ளேயே விடும். ஸ்பாங்ளரே பாவம், தலையணை உறையோடு அவதிப்பட்டிருப்பார். ஆஸ்துமா இருக்கிற வீட்டில் பழையதை நானே ஓட்ட விடமாட்டேன். ரப்பர் இறுகி வெடித்த ஒயரை மாற்றாமல் எந்தப் பழைய மெஷினையும் பிளக்கில் சொருகவும் மாட்டேன்.

“கழற்றாதே” என்று சொல்வது போல, உடைத்தால்தான் திறக்கிற மாதிரிச் செய்யும் கம்பெனிகளைப் பற்றி ஒரு பாட்டம் திட்டலாம் என்றிருந்தேன். 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த பழுதுபார்ப்புச் சட்டத்தின் பட்டியலில் வாக்குவம் கிளீனரும் இருக்கிறது, அதனால் அதை விடுகிறேன்.

விட முடியாதது வேறு ஒன்று. இரவல். ரிப்பேர் தெரிந்தவன் வீட்டில் டூல்ஸ் இருக்கும் என்று ஊரே வரும். என் டார்க்ஸ் பிட் செட்டில் நட்சத்திர முனை ஒன்று போனது போனதுதான், அந்த ஒரு முனை இல்லாமல் செட்டே தண்டம். மல்டிமீட்டரை வாங்கிப் போன ஒரு நண்பர் அதை ஆம்பியரில் வைத்து நேரே பிளக் பாயின்ட்டில் குத்தியிருக்கிறார். உள்ளே ஃபியூஸ் போய்விட்டது. துடைத்து, ஒயரை அழகாகச் சுற்றி, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பக் கொடுத்தார். இன்றுவரை பேசவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

உங்கள் வீட்டு ஆளுக்கு ஒரு அலமாரி ஒதுக்கி, அதற்கு மேல் ஒரு ஸ்க்ரூகூட வெளியே வரக் கூடாது என்று பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் கட்டுப்படுவோம். பரிசு கொடுக்க நினைத்தால் புது கிளீனர் வாங்கிவிடாதீர்கள், மனசு புண்படும். பெல்ட்டும் கார்பனும் வாங்கிக் கொடுங்கள். மாடல் நம்பர் பெரும்பாலும் மெஷினின் அடியில் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும், அவர் வெளியே போன சமயம் கவிழ்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூசியெல்லாம் உங்கள் மேல்தான்.